சராசரிக்குள் மறைந்த பெண்பிள்ளைகள்

பருத்தித்துறையிலிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே போனால் மணல்மேடுகளும் சவுக்கங்காடும் பாதி மணலில் புதைந்துபோன பழைய அந்தோனியார் கோயிலுமாக மணற்காடு வரும். 2004 டிசெம்பர் 26 காலை கடல் ஏறிவந்த வடமராட்சிக் கிராமங்களில் அதுவும் ஒன்று. அலை வடிந்து மூன்று நான்கு கிழமைக்குள், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள்கூட வராத வேளையில், அங்கிருந்த பிள்ளைகளை ஓர் ஆய்வுக்குழு சந்தித்தது. ஃபிராங்க் நொய்னர் என்ற ஜேர்மன் உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வடக்கில் மணற்காடு, மேற்கில் கொஸ்கொட, தெற்கில் காலி ஆகிய மூன்று இடங்களிலும் 264 பிள்ளைகளோடு பேசினார்கள். சுனாமியால் வந்த மனவடு நோய் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் இடத்துக்கு இடம் 14 சதவீதம் முதல் 39 சதவீதம் வரை. 2006இல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பிள்ளை எவ்வளவு கடுமையாக அலையில் அகப்பட்டது, குடும்பத்தில் யாரை இழந்தது, அதற்கு முன்னரே என்னென்ன கொடுமைகளைக் கண்டிருந்தது என்பவற்றோடு சேர்ந்து நோயின் கடுமையும் ஏறியது.

‘சேர்ந்து ஏறியது’ என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். இரண்டு விடயங்கள் சேர்ந்து ஏறின என்பது ஒரு செய்தி. ஒன்றுதான் மற்றதை ஏற்றியது என்பது அதைவிடப் பெரிய செய்தி. யாருக்கு ஏற்றியது, யாருக்கு ஏற்றவில்லை என்பது மூன்றாவது. பிள்ளைகளின் உளநலத்தைப் பற்றி நமது பத்திரிகைச் செய்திகளும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளும் பாடசாலைக் கூட்டங்களின் பேச்சுகளும் முதலாவதை இரண்டாவதாக்கிச் சொல்கின்றன. மூன்றாவதை எவரும் கேட்பதேயில்லை. அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் வடக்கில் இனி ஒரு உளநலத் திட்டத்தையும் தொடங்கக்கூடாது என்பதே என் கட்சி. அதற்கான சான்று வெளிநாட்டில் இல்லை. நமது பாடசாலைகளில் நமது பிள்ளைகளிடம் எடுத்த கணக்குகளிலேயே இருக்கிறது.

இரண்டு அளவுகள் ஒன்றாக ஏறி இறங்குவதைப் புள்ளிவிபரவியலில் இணைபு என்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒட்டுறவு என்கின்றன. பிரான்சிஸ் கால்ற்றன் 1888இல் முன்வைத்து, கார்ல் பியர்சன் 1890களில் செப்பனிட்ட கணக்கு அது. விடை −1க்கும் +1க்கும் இடையில் வரும். இரண்டும் ஒரே திசையில் இறுக்கமாகப் போனால் +1ஐ நெருங்கும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் −1ஐ நெருங்கும். ஒன்றைக் கொண்டு மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் பூச்சியத்தின் பக்கம் நிற்கும். இந்த எண்ணுக்குள் எது காரணம், எது விளைவு என்ற தகவல் இல்லை. தைப்பொங்கலை ஒட்டிய நாள்களில் நமது சந்தைகளில் பனங்கிழங்கு குவியும். அதே நாள்களில் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் டெங்குக் காய்ச்சல்காரரின் தொகையும் ஏறும். இரண்டையும் மாதவாரியாக எழுதிக் கணக்குப் போட்டால் நல்ல இணைபு வரும். ஆனால் கிழங்கு தின்று யாருக்கும் டெங்கு வந்ததில்லை. மாரி மழைதான் ஒரு பக்கம் பாத்தியில் கிழங்கை இறங்க வைத்தது. இன்னொரு பக்கம் தேங்கிய தண்ணீரில் நுளம்பைப் பெருக்கியது. இந்த உதாரணத்தில் யாரும் ஏமாறமாட்டார்கள், ஏனென்றால் மழை எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிறது. கைத்தொலைபேசி, ரியூசன், தகப்பனின் குடி, தாயின் வெளிநாட்டு வேலை, பிள்ளையின் மனநிலை என்று வரும்போது அந்த மழை கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கேதான் ஏமாறுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் எடுத்த மிகப் பெரிய உளநலக் கணக்கெடுப்புகளில் ஒன்றைப் பாருங்கள். போர் முடிந்த கையோடு, 2009 யூலையிலிருந்து செப்ரெம்பர் வரை, யாழ். மாவட்டத்து வீடுகளிலும் இரண்டு முகாம்களிலும் அது எடுக்கப்பட்டது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. கணக்கில் சேர்ந்தவர்கள் 1,409 பேர். மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களை நெடுங்காலமாக ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது மூன்று நோய்களுமே முகாமில் இருந்தவர்களிடம் தெளிவாகக் கூட இருந்தன. இந்த இடத்தில் நிறுத்தினால் ‘இடப்பெயர்வு மனநோயைத் தருகிறது’ என்று தலைப்புப் போடலாம். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் நேரில் பட்ட கொடுமைகளின் அளவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்ததும், இடப்பெயர்வுக்கும் நோய்க்கும் இருந்த தொடர்பு புள்ளிவிபரப்படி இல்லாமற் போனது.

இதை எப்படி வாசிப்பது? முகாம் வாழ்வு ஒன்றும் செய்யவில்லை, குண்டும் சாவும்தான் செய்தன என்று ஒருவர் வாசிக்கலாம். இடம்பெயர்ந்து ஓடிய வழியில்தானே அந்தக் கொடுமைகள் நேர்ந்தன, ஆகவே இடப்பெயர்வு கொடுமையின் ஊடாகவே நோயைக் கொண்டுவந்தது என்று இன்னொருவர் வாசிக்கலாம். முதல் வாசிப்பில் கொடுமைதான் அந்த மழை. இரண்டாவதில் கொடுமை மழை பெய்து ஓடிய வாய்க்கால். ஒரே எண்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. ஒரு முறை மாத்திரம் எடுத்த கணக்கெடுப்பால் இரண்டில் எது சரி என்று தீர்க்க முடியாது. ஆனால் அரசாங்கத்துக்கு இரண்டும் ஒன்றல்ல: முதலாவது உண்மையென்றால் சிகிச்சைக்குக் காசு ஒதுக்கவேண்டும், இரண்டாவது உண்மையென்றால் மக்களை ஊரைவிட்டுக் கலைப்பதையே குற்றமாகப் பார்க்கவேண்டும்.

அப்படியென்றால் இணைபு வெறும் குப்பையா? இந்த மறுப்பை மதித்தே பதில் சொல்லவேண்டும். போரையும் சுனாமியையும் எவரும் பரிசோதனைக்காகப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. அவற்றைப் பற்றி நமக்குக் கிடைக்கக்கூடியது இணைபு மட்டுமே. ‘இணைபு காரணமாகாது’ என்ற வாசகத்தைப் படித்தவர்கள் மந்திரம்போல் உச்சரித்துத் தப்பித்துக்கொள்ளவும் முடியும். அதற்குப் பெரிய சாட்சி றொனால்ட் ஃபிஷர். புள்ளிவிபரவியலின் தந்தையர்களில் ஒருவரான அவர், புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று 1950இல் டோல், ஹில் என்ற ஆய்வாளர்கள் காட்டிய பின்னரும், இரண்டுக்கும் பொதுவான ஒரு பரம்பரைக் காரணம் இருக்கலாம் என்று சொல்லி அந்த முடிவை ஏற்க மறுத்தார். அவர் பிழை. கூடப் புகைத்தவர்களுக்குக் கூட நோய் வந்தது. விட்டவர்களுக்கு ஆபத்து இறங்கியது. வேறு வேறு நாடுகளில் வேறு வேறு முறையில் எடுத்த கணக்குகளும் அதையே சொல்லின. மாற்று விளக்கங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இலங்கையிலும் இதற்கு நிகரான ஒரு கதை உண்டு. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம், மிகக் கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பின்னர், 2005 அளவில் பாதியாக இறங்கியது. வேலையின்மை, மதுபாவனை, போர் ஆகியவற்றின் ஏற்ற இறக்கங்களோடு அந்த இறக்கம் பொருந்தவில்லை. கட்டுப்பாடுகள் வந்த காலத்தோடு பொருந்தியது. பொறுமையாக, மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்த இணைபு ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு உதவியிருக்கிறது. ஒரே ஒரு கணக்கெடுப்பு, ஒரே ஒரு சதவீதம், அடுத்த நாள் தலைப்பு என்ற அவசரம்தான் ஆபத்து.

கையால் மாற்றக்கூடிய விடயத்தில் மட்டும் இந்தச் சுற்றுவழி தேவையில்லை. பாடசாலையில் ஒரு உளவளத்துணைத் திட்டத்தை நடத்துவதா இல்லையா என்பது நமது கையில் இருக்கிறது. அதை எழுமாற்றாக, திருவுளச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்தால், பங்கு பெற்ற பிள்ளைகளும் பெறாத பிள்ளைகளும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரேமாதிரி இருப்பார்கள். வீட்டு வறுமையோ தகப்பனின் குடியோ ஒரு பக்கத்தில் மட்டும் குவியாது. முடிவில் வித்தியாசம் தெரிந்தால் அதைத் திட்டத்தின் பேரில் எழுதலாம். பரிசோதனையின் பலம் இது. அதற்கொரு பலவீனமும் உண்டு: அது ஒரு சராசரியைத்தான் கையில் தரும். ‘திட்டம் பலன் தந்தது’ அல்லது ‘தரவில்லை’. யாருக்கு?

இந்த இடத்தில் வடமராட்சித் தோட்டக்காரருக்கு உளவியல் மாணவரைவிடக் கூடத் தெரியும். வெங்காயப் பாத்திக்குப் பசளையைக் கூட்டினால் விளைச்சல் கூடுமா என்று அவரிடம் கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வராது. இறைப்பு எப்படி என்று திருப்பிக் கேட்பார். தண்ணீர் ஒழுங்காகப் பாயும் பாத்தியில் பசளை விளைச்சலைக் கூட்டும். காய்ந்து கிடக்கிற பாத்தியில் அதே பசளை பயிரைக் கருக்கும். இரண்டு பாத்திகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பசளையால் ஒரு பலனும் இல்லை என்று கணக்கு வரும். பசளை ஒன்றும் செய்யவில்லை என்பது பொய். அது இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்தது. ஒரு காரணியின் விளைவு இன்னொரு காரணியைப் பொறுத்து மாறுவதற்கு இடைவினை என்று பெயர். அதைப் பிடிக்கவேண்டுமென்றால் பசளை கூட-குறைய, தண்ணீர் கூட-குறைய என்று நாலு விதப் பாத்திகளும் ஒரே பரிசோதனைக்குள் இருக்கவேண்டும். அதைத்தான் காரணிசார் பரிசோதனை என்கிறோம். அதுவும் வயலில்தான் வளர்ந்தது. 1919இல் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்த அதே ஃபிஷர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்ற அக்காலத்து அறிவுரைக்கு எதிராக 1926இல் இதற்காக வாதாடினார். புகைத்தலில் சறுக்கியவர் இதில் சறுக்கவில்லை. கல்கத்தாவில் சி.ஆர்.ராவ் 1940களில் அமைத்துக் கொடுத்த செங்குத்து வரிசைகள், காரணிகள் பலவாகும்போது எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்காமலே விடை காண வழி திறந்தன. நமது பிராந்தியத்துக்கு இந்தக் கலை அந்நியமானதல்ல.

இனி நமது பிள்ளைகளிடம் வருவோம். 2012இல் உலக உளமருத்துவ இதழில் விற்சே ரோல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் வட இலங்கையில் நடத்திய ஒரு பரிசோதனை வெளிவந்தது. 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள். பாடசாலையில் 15 அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர். பாடசாலைகளை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் திட்டத்தை உடனே கொடுத்தார்கள். மற்றப் பகுதியைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தார்கள். முதன்மையாக அளந்த நோய் அறிகுறிகளில் இரு பகுதிக்கும் சராசரி வித்தியாசம் இல்லை. நடத்தைப் பிரச்சினைகளில் மட்டும் திட்டம் பெற்றவர்கள் முன்னேறினார்கள். அதுவும் சிறிய வயதினரில் கூடுதலாக. சராசரியோடு நின்றிருந்தால் கதை இவ்வளவுதான்.

உள்ளே பார்த்தபோது வேறு காட்சி. மனவடு அறிகுறிகளிலும் பதகளிப்பிலும் ஆண்பிள்ளைகளுக்குத் திட்டம் கூடப் பலன் தந்திருந்தது. அன்றாட வாழ்வில் போரின் நெருக்குதல் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் கூடப் பலன் கிடைத்திருந்தது. பெண்பிள்ளைகளில் நிலைமை தலைகீழ். காத்திருந்த பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள் காலத்தோடு இறங்கின. திட்டத்தில் இருந்த பெண்பிள்ளைகளுக்கு அந்த இறக்கம் குறைவு. அதாவது, உதவி என்று கொடுத்தது அந்தச் சிறுமிகள் தாமாகத் தேறிவந்த வேகத்துக்குத் தடையாக இருந்திருக்கலாம். இதை வாசிக்கும் எந்தப் பெற்றோரும் அதிபரும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கவேண்டும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இதே திட்டத்தை நடத்தியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பெண்பிள்ளைகளின் அறிகுறிகள் இறங்கின என்றுதான் தெரிந்திருக்கும். வெற்றி என்று எழுதிப் படம் எடுத்து அறிக்கை அனுப்பியிருப்பார்கள்.

சராசரி எப்படி இதை விழுங்குகிறது என்பதை, விளக்கத்துக்காக மட்டும் கற்பனை செய்த எண்களால் காட்டுகிறேன். திட்டத்தில் சேர்ந்த ஆண்பிள்ளைகளின் அறிகுறிகள் 8 புள்ளி இறங்கின. காத்திருந்த ஆண்பிள்ளைகளுக்கு 4. திட்டத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு 4 புள்ளி இறங்கின. காத்திருந்த பெண்பிள்ளைகளுக்கு 8. திட்டம் பெற்ற எல்லாரையும் கூட்டினால் சராசரி 6. காத்திருந்த எல்லாரையும் கூட்டினாலும் 6. திட்டத்தால் ஒரு பலனும் இல்லை, ஒரு கெடுதியும் இல்லை என்று கணக்கு வரும். நாலு கட்டங்களில் ஒன்றில்கூட அது உண்மையில்லை.

ஒரு எச்சரிக்கையைச் சேர்க்காவிட்டால் நானும் அவசரக்காரர் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். திட்டத்தை ஆய்வாளர் சீட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆணாகவும் பெண்ணாகவும் பிள்ளைகளை அவர் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. அவர்கள் அப்படியே வந்தவர்கள். ஆகவே நாலு கட்டங்களும் ஒரே பலமுள்ளவை அல்ல. திட்டத்தின் விளைவு பெண்பிள்ளைகளில் வேறாக இருந்தது என்று சொல்லலாம். பெண்ணாக இருப்பதே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டு வேலைச் சுமையோ, ஆண்பிள்ளைகள் முன்னிலையில் வாய் திறக்கத் தயங்கியதோ, காத்திருந்த சிறுமிகளுக்கு ஊரிலேயே கிடைத்த வேறு ஆறுதலோ, அளக்காமல் விட்ட இன்னொன்றோ அதற்குள் ஒளிந்திருக்கலாம். பரிசோதனைக்கு உள்ளேயே ஒரு இணைபு குந்தியிருக்கிறது. நமது பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் பிள்ளைகள் காரணிசார் வடிவமைப்பையும் இணைபையும் இரண்டு தனி அத்தியாயங்களாகப் பாடமாக்குகிறார்கள். உண்மையான ஆய்வுகளில் இரண்டும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எந்தக் கட்டத்தை நாம் உருவாக்கினோம், எது நம்மிடம் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே முறையியல் படித்தவர்.

லீ குரொன்பாக் இதை 1957இலேயே அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக நின்று சொன்னார். பரிசோதனைக்காரர் மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்தைத் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். இணைபுக்காரர் அந்த வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறார்கள். இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து எந்தச் சிகிச்சை எந்த மனிதருக்கு என்று கேட்கவேண்டும் என்பது அவரது வாதம். 1975இல் அவரே தன் நம்பிக்கைக்கு ஒரு கடிவாளம் போட்டார். இடைவினைக்குள் இடைவினை, அதற்குள் இன்னொன்று என்று தேடத் தொடங்கினால் அதற்கு முடிவேயில்லை என்பதைக் கண்டார். இது பலமான மறுப்பு. ஆண்-பெண், வயது, கிராமம், சமயம், சாதி, தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று இருபது விதமாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டில் தற்செயலாகவே வித்தியாசம் தெரியும். எண்ணிக்கைச் சிக்கலும் உண்டு: ஒரு காரணியின் சராசரி விளைவை, அதாவது முதன்மை விளைவை, பிடிக்கத் தேவையான பிள்ளைகளைப்போல் நாலு மடங்கு பேர், அதே அளவுள்ள இடைவினையைப் பிடிக்கத் தேவை. இதற்கு விடை தேடலைக் கைவிடுவதல்ல. தேடுவதை முன்கூட்டியே தீர்மானிப்பது. திட்டம் தொடங்கமுன், எந்த இரண்டு மூன்று பிரிவுகளைப் பார்ப்போம் என்று எழுதி வைத்துவிட வேண்டும். வடமராட்சி வலயத்துப் பாடசாலைகள் மட்டும் போதாவிட்டால் வலிகாமம், தென்மராட்சி, தீவகம், கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் சேரவேண்டும்.

உதவி தேவைப்படும் பிள்ளையைக் காத்திருக்க வைப்பது பாவமில்லையா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள மனதை மதிக்கிறேன். ஆனால் எந்தத் திட்டமும் ஒரே நாளில் எல்லாப் பாடசாலைக்கும் வருவதில்லை. யாரோ ஒருவர் முதலில் பெறுகிறார், மற்றவர் காத்திருக்கிறார். இன்று அதைத் தீர்மானிப்பது வீதியின் நிலைமை, அதிபரின் செல்வாக்கு, வாகனம் போகக்கூடிய தூரம். அதைச் சீட்டு தீர்மானித்தால் நியாயம் கூடுமே தவிரக் குறையாது. காத்திருந்தவர்களுக்கு, பலன் தெரிந்த பிறகு, திருத்திய வடிவில் கிடைக்கும். காத்திருக்கவே விடக்கூடாத நிலையில் பிள்ளைகள் இருந்தால் இரண்டு சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். சுனாமிக்குப் பின் வடகிழக்கில் அதுவும் நடந்தது. மனவடு நோய் அடையாளம் காணப்பட்ட 31 பிள்ளைகளை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆறு ஆறு அமர்வுகளாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் தேறியவர்கள் முதல் பகுதியில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம். உள்ளூர் உளவளத் துணையாளர்களே நடத்தினார்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இவ்வளவு குறைந்த தொகையில் 81ஐயும் 71ஐயும் வைத்து ஒன்று மற்றதைவிட நல்லது என்று சொல்ல முடியாது. ஒன்றுமே பெறாத குழு இல்லாததால், இந்தத் தேறலில் எவ்வளவு காலத்தின் பங்கு என்பதையும் இந்த வடிவமைப்பு தனியே சொல்லாது. ஆராயும் முறையில் எதை விட்டோமோ அது விடையிலும் இல்லாமற் போகும்.

இன்னொரு மறுப்பு நமது எழுத்தாளர்களிடமிருந்து வரும். முள்ளிவாய்க்காலைக் கண்ட ஒரு சிறுமியின் துயரத்தைக் கட்டத்துக்குள் அடைக்காதீர்கள், அவளுடைய கதையைக் கேளுங்கள் என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் நோயாளரைப் பார்த்து எழுதிய நூல்கள், தனி மனிதரின் வடுவும் குடும்பத்தினதும் சமூகத்தினதும் வடுவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காட்டின. அதை எந்தக் கேள்விக்கொத்தும் முதலில் கண்டுபிடித்திருக்காது. ஆனால் அந்தச் சிறுமியை அழிப்பது நாலு கட்டமல்ல. அவளையும் அவளுடைய வகுப்புப் பெடியனையும் ஒன்றாகக் கலந்த ஒற்றைச் சராசரிதான் அவளை அழிக்கிறது. ‘இவளுக்கும் இது பொருந்துமா?’ என்று நல்ல ஆசிரியையும் மந்திகை வைத்தியசாலையின் நல்ல வைத்தியரும் தினமும் கேட்கிறார்கள். காரணிசார் சிந்தனை அந்தக் கேள்வியை ஊர் அளவுக்குப் பெருக்குகிறது.

இன்று இது ஏன் அவசரம்? பொருளாதார நெருக்கடிக்குப் பின் வடக்கில் போதைப்பொருள் பற்றிய கவலை வீட்டுக்கு வீடு ஏறிவிட்டது. பாடசாலை தோறும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அறிக்கைகளில் எத்தனை மாணவர் பங்குபற்றினர் என்ற எண் இருக்கிறது. பங்குபற்றாதவர்களோடு ஒப்பீடு இல்லை. அமெரிக்காவில் 1983இல் லொஸ் ஏஞ்சலஸில் தொடங்கி நாடு முழுதும் பரவிய ‘டெயார்’ என்ற பாடசாலைத் திட்டத்தில் பொலிஸ்காரர் வகுப்புக்கு வந்து போதைக்கு எதிராகப் பேசினார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியருக்குப் பிடித்தது, பிள்ளைகளுக்கும் பிடித்தது. ஒப்பீட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது போதைப் பாவனையில் அது கொண்டுவந்த மாற்றம் மிக அற்பம் என்று தெரிந்தது. அதற்கிடையில் எவ்வளவோ காசும் காலமும் போய்விட்டன. அவ்வளவு பணக்கார நாடு தாங்கிய நட்டத்தை நாம் தாங்க முடியாது.

வடமாகாணக் கல்வித் திணைக்களமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் இதற்குப் பெரிய செலவில்லை. பிள்ளைகளுக்கான அமர்வு ஒரு காரணி, தாய் தகப்பனுக்கான சந்திப்பு இன்னொரு காரணி என்று வைத்து, பாடசாலைகளை நாலு பகுதியாகச் சீட்டுப் போடலாம்: சில பாடசாலைகளுக்கு இரண்டும், சிலவற்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு மற்றது, மிச்சத்துக்கு அடுத்த வருடம். அதே தொகைப் பிள்ளைகளே இரண்டு கேள்விக்கும் விடை தருவார்கள் என்பதே இந்த முறையின் சிக்கனம். 2008இல் வெளியான இன்னொரு வடகிழக்கு ஆய்வில் 296 தமிழ் மாணவரில் 95.6 சதவீதத்தினர் வீட்டில் ஏதோவொரு வகை வன்முறையைக் கண்டிருந்தார்கள் அல்லது பட்டிருந்தார்கள். தகப்பனின் குடியும் போர் அனுபவமும் அந்த அடியோடு இணைந்திருந்தன. போரும் சுனாமியும் வீட்டு வன்முறையும் ஒவ்வொன்றும் மனவடுவில் தன் பங்கைச் சேர்த்தன. வீட்டில் அடி தொடரும்போது பாடசாலையில் கொடுக்கும் அமர்வு பலிக்குமா, அல்லது வீடு திருந்தினால்தான் அது பலிக்குமா? இந்தக் கேள்விக்கு நாலு பகுதி இல்லாமல் விடை இல்லை. பெண்பிள்ளைகளின் கணக்கைத் தனியே பார்ப்போம் என்றும் முதல் நாளிலேயே எழுதி ஒப்பமிடவேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் திட்டமே வேண்டாம் என்று 2012 ஆய்வைக் காட்டி யாராவது சொன்னால் அதை ஏற்கக்கூடாது. அவர்களுக்குப் பொருந்தும் திட்டத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

மணற்காட்டில் 2005 ஜனவரியில் பத்து வயதாக இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறையில் பலர் இன்று தாயும் தகப்பனுமாகி, தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு ஒரு புதிய உளநலத் திட்டம் வருகிறது என்று கடிதம் வந்தால் ஒப்பமிடமுன் அதிபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள்? என் மகளுக்கு என்ன ஆனது என்று தனியே சொல்வீர்களா?